வாசலில் நின்று குரல் கொடுப்பது

1

போன வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் வைஃபை அறுந்து அறுந்து வந்தது. ரவுட்டரின் செயலியைத் திறந்து, எவையெல்லாம் அதில் இணைந்திருக்கின்றன என்று பார்த்தேன். பதினான்கு பெயர்கள். ஐந்து, லீவுக்கு வந்திருந்த எங்களுடையவை: என் போன், மனைவியின் போன், தங்கையின் போன், அவள் கணவரின் போன், என் மடிக்கணினி. மீதி ஒன்பதும் அந்த வீட்டிலேயே குடியிருப்பவை. டிவி, செட்டாப் பாக்ஸ், கேட்டுக்கு மேலே ஒரு கேமரா, கூடத்தில் ஒரு கேமரா, சமையலறையில் பேசும் ஸ்பீக்கர், ஆப்பில் எரியும் இரண்டு பல்புகள், தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு ஒரு சுவிட்ச், அம்மாவின் போன்.

அந்த வீட்டில் குடியிருக்கும் மனிதர் ஒருவர்தான். எழுபத்தொரு வயதான என் அம்மா. ஒன்பதில் அவர் கேட்டு வாங்கியது போன் மட்டும். அதையும் பேத்தியின் முகத்தைப் பார்க்கத்தான் கேட்டார். மற்ற எட்டும் நானும் தங்கையும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு தள்ளுபடி விற்பனைக்கும் கொண்டுபோய் வைத்தவை. எட்டின் கணக்கும் என் பெயரில், கடவுச்சொல் என் தலையில். சென்னையில் உட்கார்ந்துகொண்டு கணியம்பாடி வீட்டின் விளக்கை நான் அணைக்கலாம். அம்மாவால் அது முடியாது. பழைய பழக்கத்தில் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டால் பல்பு ‘ஆஃப்லைன்’ ஆகிவிடும். “சுவிட்ச தொடாதம்மா, எத்தனவாட்டி சொல்றது” என்று ஒருநாள் போனில் எரிந்து விழுந்தேன். தான் கட்டிய வீட்டில், தன் கையால் விளக்கை அணைக்கக் கூடாது என்று ஒரு கிழவியிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மார்க் வைசர் என்ற கணினி விஞ்ஞானி, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்தவர், 1991இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கணினிகள் வீட்டுச் சுவர்களிலும் பொருட்களிலும் கரைந்து, நாம் கவனிக்காமலே நமக்கு உதவும் காலம் வரும் என்பது அவர் கனவு. இன்று இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் அந்தக் கனவின் பேரப்பிள்ளைகள்தாம். ஆனால் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. கரைந்துபோனது யாருக்கு? எனக்குக் கூடத்துக் கேமரா போனிலுள்ள ஒரு சின்னப் படம். அம்மாவுக்கு அது சுவர் மூலையில் சிவப்புப் புள்ளியோடு உட்கார்ந்திருக்கும் ஒன்று. அவர் அதற்குப் ‘பல்லி’ என்று பெயர் வைத்திருந்தார்.

2

கருவிகளையே வெறுப்பவன் அல்ல நான். இணையம் வருவதற்கு முன்பே எங்கள் குடும்பத்துக்குள் வந்த ஒரு கருவியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கணியம்பாடி, வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், பாகாயம் தாண்டி வரும் ஊர். தெற்கே ஜவ்வாது மலை. அமிர்திக் காட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கமாகத்தான் போவார்கள். அப்பாவுக்கு மலையைப் பார்த்த மாதிரி கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. விவசாயத்துக்கான த்ரீ பேஸ் கரண்ட் அப்போது பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம் என்று முறை வைத்து வரும். ராத்திரி முறை வந்தால் அப்பா இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சும் கையுமாக வரப்பில் நடப்பார். மழைக்காலத்தில் வரப்பில் கட்டுவிரியன் கிடக்கும். அவர் திரும்பி வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை அம்மா தூங்கமாட்டார்.

அப்புறம் செல்போன் ஸ்டார்ட்டர் வந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்குப் போன் செய்தால் மோட்டார் ஓடும், கரண்ட் இல்லையென்றால் இல்லையென்று சொல்லும். இன்று இதற்கு வேளாண் பொறியியல் துறை மானியமே தருகிறது. அப்பா திண்ணையில் படுத்தபடி “இரு, மோட்டாருக்குப் போன் போடறன்” என்பார். அதற்குப் பிறகு அவர் ராத்திரியில் வரப்பில் இறங்கவில்லை.

அந்தக் கருவியையும் கூடத்துக் கேமராவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் தூரத்தில் ஒன்று இருக்கிறது, கையில் ஒரு போன் இருக்கிறது, பயம் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். அன்றைக்குப் போன் அப்பாவின் கையில் இருந்தது, மறுமுனையில் இருந்தது மோட்டார். இப்போது போன் என் கையில். மோட்டார் இருந்த இடத்தில் அம்மா.

3

அப்பா போன பிறகுதான் கூடத்துக் கேமரா வந்தது. அம்மா தனியாக இருக்க வேண்டாம், சென்னைக்கு வரட்டும் என்றோம். வரமாட்டேன் என்றார். சரி, கேமராவாவது இருக்கட்டும் என்றோம். “இன்னாத்துக்குடா?” என்றார். “உன் சேஃப்டிக்கும்மா” என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அது எதையெல்லாம் பார்க்கும், யார் யார் போனில் தெரியும், பார்த்தது எங்கே போய்ச் சேரும், எத்தனை நாள் இருக்கும் என்பதில் எதையும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. கடைசி இரண்டும் எனக்கே சரியாகத் தெரியாது.

முதல் மாதம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் திறந்து திறந்து பார்ப்பேன். அம்மா பாய் போட்டுப் படுத்திருப்பார். கொத்தவரங்காய் கிள்ளுவார். மத்தியானம் மூன்று மணி வாக்கில் அப்பாவின் போட்டோவுக்கு எதிரில் உட்கார்ந்து பேசுவார். எனக்குச் சத்தம் வேண்டாம் என்று தோன்றி ஒலியை நிறுத்திவிடுவேன். ஆனால் மூடமாட்டேன். வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அழுகை வரும். அந்த அழுகையை அன்பு என்றே நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் போனில் “மத்தியானம் ஏன் சாப்பிடல?” என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சாப்ட்டனே” என்றார். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். தெரியும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். என் அம்மாவை எழுபது வயதில் என்னிடம் பொய் சொல்ல வைத்தது எது என்று யோசிக்காமல் பேச்சை மாற்றினேன்.

பொங்கலுக்குப் போனபோது அப்பாவின் போட்டோ கூடத்தில் இல்லை. சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த சுவரில் மாட்டியிருந்தது. “ஏம்மா இங்க மாட்டிட்ட?” என்றேன். “இங்கதான் எனக்கு வசதி” என்றார்.

சமையலறையில் கேமரா இல்லை. அன்றைக்கு ராத்திரி கூடத்துக் கேமராவின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

4

எங்கள் ஊர் கண்காணிப்புக்குப் புதிது அல்ல. கணியம்பாடி வட்டார வீடுகள் பல பத்தாண்டுகளாகக் கண்காணிக்கப்பட்டுத்தான் வருகின்றன. ஆங்கிலத்தில் அதற்கும் இதே சொல்தான்.

வேலூர் சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் துறைக்குப் பாகாயத்தில் ஒரு ஆஸ்பத்திரி உண்டு. நாங்கள் ‘சாட் ஆஸ்பத்திரி’ என்போம். அதன் களம் எங்கள் வட்டாரம். ஒரு லட்சத்துச் சொச்சம் ஜனங்கள். யார் வீட்டில் கர்ப்பம், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் செத்தார், ஏன் செத்தார் என்று ஒவ்வொன்றும் பதிவாகும். அந்தந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒரு பெண் சுகாதாரப் பணியாளர், அவருக்கு மேலே உதவியாளர், அதற்கு மேலே நர்ஸ், அப்புறம் டாக்டர் என்று அடுக்கடுக்காகத் தகவல் மேலே போகும், சரிபார்க்கப்படும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வந்த அக்காவை ஞாபகம் இருக்கிறது. உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று “ஆயா, வூட்ல கீறீங்களா?” என்று குரல் கொடுப்பார். பாட்டி “வா, உக்காரு” என்ற பிறகு திண்ணையில் உட்காருவார். மோர் குடிப்பார். நோட்டைப் பிரிப்பார். பாட்டிக்குச் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் “அத வுடு” என்பாள். அவரும் விட்டுவிடுவார், அடுத்த வாரம் வேறு வழியாகக் கேட்பார். அவர் எங்களைப் பற்றி எழுதினார். ஆனால் அவரைப் பற்றி எங்களுக்கும் தெரியும். அவர் வீடு எது, அவர் புருஷன் குடிப்பது, அவர் மகளுக்கு மாப்பிள்ளை தகையாதது, எல்லாம் பாட்டிக்குத் தெரியும். அறிதல் அந்தத் திண்ணையில் இரண்டு பக்கமும் போய் வந்தது.

இதைப் பொற்காலமாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் அந்த அக்காவிடம் எதைச் சொல்லிவிட முடியும்? நோட்டுக்கும் வாயில்லாதவர்கள் உண்டு. ஆனாலும் அந்த நோட்டிலிருந்து வந்த ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த இளம் வயதினரின் சாவுகளை ஆராய்ந்து சி.எம்.சி. மருத்துவர்கள் 2004இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்து முதல் பத்தொன்பது வயதுக்குள் தற்கொலை செய்துகொண்டவர்களின் ஆண்டு விகிதம், லட்சம் பேருக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58. உலகம் முழுக்க அந்த எண்ணைப் படித்து அதிர்ந்தார்கள். இப்படிப்பட்ட சாவுகளை ‘வயிற்றுவலி’ என்று சொல்லி மூடிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இழந்த வீட்டாரோடு உட்கார்ந்து, நிதானமாகப் பேசி, சாவின் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் முறையால்தான் அந்த எண் வெளியே வந்தது. ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களிடம்தான் அந்த வீடுகள் வாய் திறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த எண் என்னை இன்னொரு விதத்திலும் தொந்தரவு செய்கிறது. எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பெண்ணைவிட அதிகம் பார்க்கப்படுகிறவர் யாரும் இல்லை. எப்போது வெளியே போனாள், யாரோடு பேசினாள், ஏன் சிரித்தாள் என்று அம்மா, அண்ணன், சித்தப்பா, எதிர்வீட்டுப் பெரியம்மா எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் அவள் நன்மைக்குத்தான், அவள் பாதுகாப்புக்குத்தான். காரணங்களை விளக்க நான் மருத்துவன் அல்ல. ஆனால், பார்த்துக்கொண்டே இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த 148 இடம் கொடுக்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும் அந்தப் பெண்களை யாருக்கும் தெரியவில்லை.

5

வீட்டுக்குள் யார் எட்டிப் பார்க்கலாம் என்ற கேள்வி நம் நீதிமன்றங்களுக்கும் பழையது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரை ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியம் இல்லையென்று விட்டும்விட்டார்கள். ஆனால் போலீஸ் அவர்மேல் கண் வைத்திருந்தது. ராத்திரியில் போய்க் கதவைத் தட்டி, இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் வழக்குப் போட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த ராத்திரிக் கதவுதட்டலைச் செல்லாது என்றது. ஆனால் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தக் கருத்தைத் தள்ளி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

அதன் தொடர்ச்சியாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனங்கள் நம் தகவலை எடுப்பதற்கு முன் எதற்கு என்று சொல்ல வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற வழி வைக்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே சட்டம், ஒரு தனிமனிதர் தன் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ தகவலைக் கையாண்டால் தனக்கு அங்கே வேலையில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது. அப்படி ஒதுங்குவதும் சரிதான். மகன் அம்மாவை வீடியோ எடுத்தான் என்பதற்கெல்லாம் அரசாங்கம் படியேறி வந்தால் அது வேறு நரகம்.

ஆனால் இதன் பொருள் என்ன? கேமரா விற்றவன் என் அம்மாவின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். மாட்டிய நான் கேட்க வேண்டியதில்லை. சட்டம் நிற்கும் வாசலுக்கு உள்ளே நான் மட்டும்தான் சட்டம்.

2023 மே மாதம், அமேசானுக்குச் சொந்தமான ரிங் கேமரா நிறுவனத்தின்மேல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கொடுத்த புகாரைப் பற்றிப் படித்தேன். அங்கே வேலை பார்த்த ஒருவர், பெண்களின் படுக்கையறைகளிலும் குளியலறைகளிலும் இருந்த கேமராக்களின் பதிவுகளை ஆயிரக்கணக்கில் எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எவனோ ஒருத்தன், எங்கேயோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, பார்க்கிறோம் என்று சொல்லாமல், தினமும்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த வாக்கியத்தில் என்னையும் போட்டுப் பார்த்தேன். எங்கேயோ ஒரு ஆபீஸ். சொல்லாமல். தினமும். அவன் பார்த்தது ஆபாசத்துக்கு, நான் பார்த்தது பாசத்துக்கு. இந்த வித்தியாசம் சின்னது அல்ல, தெரியும். ஆனால் அது பார்க்கிறவனின் மனசுக்குள் இருக்கும் வித்தியாசம். பார்க்கப்படுகிறவரின் பக்கத்திலிருந்து, பாயில் படுத்துப் புடவையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொள்கிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்த வித்தியாசம் எங்கே தெரியும்?

6

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். அம்மாவின் சுதந்திரத்தை மதித்து ஒயரைப் பிடுங்கிய மகன். ஆனால் ஆனி மாசத்தில் ஒரு ராத்திரி, பதினொரு மணி வாக்கில், அம்மா கூடத்தில் தடுக்கி விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு முறிந்தது. முட்டி பிசகிப்போனதால் எழுந்திருக்க முடியவில்லை. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. காலையில் ஐந்தரைக்குப் பால் ஊற்றும் அம்மா வந்து வாசலில் நின்று “பாலு!” என்று கூப்பிட்டு, பதில் வராமல், இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டு, சந்தேகப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, பின்பக்கத் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போகும்வரை அம்மா தரையில் கிடந்தார். ஆறரை மணி நேரம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என்னிடம் பேசவே இல்லை. மூன்றாம் நாள்தான் பேசினாள். “உனக்குப் பாக்கறதுக்குச் சங்கடமா இருந்துச்சி. அதுக்கு அம்மாவோட சுதந்திரம்னு பேரு வச்சிட்ட. பாக்காம இருக்கறதுக்கு உனக்கு ஒரு தத்துவம் கெடச்சிச்சி, அவ்ளோதான்.”

என்னிடம் பதில்கள் இருந்தன. ராத்திரி பதினொரு மணிக்கு யார் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம்? ஏதாவது அசைந்தால் போனில் மணியடிக்கும் வசதி இருந்தது. ஆனால் டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சிக்கும் நிஜமான பல்லிக்கும்கூட அது அடித்ததால் எப்போதோ அதை ஊமையாக்கியிருந்தேன். கேமரா இருந்திருந்தாலும் காலையில்தான் தெரிந்திருக்கும். இவை எல்லாம் உண்மை. ஆனால் ஒருவேளை தெரிந்திருக்கலாம் என்பதும் உண்மை. அந்த ‘ஒருவேளை’யின் எடை ஆறரை மணி நேரம். அதைத் தத்துவத்தால் தூக்க முடியவில்லை.

தங்கை சொன்னதில் பாதி சரி. பார்ப்பதும் சுலபம், பார்க்காமல் இருப்பதும் சுலபம். கேமராவை மாட்டியபோதும் நான் அம்மாவிடம் கேட்கவில்லை, பிடுங்கியபோதும் கேட்கவில்லை. போட்டோ இடம் மாறியதைப் பார்த்து நானாக ஒரு அர்த்தம் பண்ணி, நானாக வெட்கப்பட்டு, நானாகப் பிடுங்கினேன். இரண்டு முறையும் முடிவு என்னுடையது, உடம்பு அவருடையது. மாட்டுவதா பிடுங்குவதா என்பதற்கு முன்னால் இன்னொன்று இருந்தது. வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவுக்கு நோட்டோடு வந்த அக்கா செய்ததை, பால் ஊற்றும் அம்மா தினமும் செய்வதை, மகனாகிய நான் ஒரு தரமும் செய்யவில்லை. மகன் என்பதால் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.

7

கட்டுப் போட்ட கையோடு அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் கேமராவைச் செருகி, என் போனில் செயலியைத் திறந்து அம்மாவின் கையில் கொடுத்தேன். மூன்று வருஷமாக நாங்கள் பார்த்ததை அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாகப் பார்த்தார். மேலே மூலையிலிருந்து, கொஞ்சம் வளைந்து, நரைத்த உச்சந்தலையும் கூனின முதுகுமாகத் தன்னை.

ரொம்ப நேரம் பார்த்தார். “இவ்ளோ கெய்வியா ஆயிட்டனா?” என்றார். தங்கை சிரித்துவிட்டாள், அப்புறம் அழுதுவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். யார் போனில் தெரியும், எவ்வளவு நாள் இருக்கும், எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் போய்ச் சேரும், அங்கே யார் பார்ப்பார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது என்று. மத்தியானம் அவர் அப்பாவோடு பேசியதைப் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. “தெரியும்” என்றார்.

பிறகு அவர் தன் விருப்பத்தைச் சொன்னார். வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாக. ராத்திரி படுக்கும்போது கேமரா இருக்கட்டும். விழுந்து கிடந்த பயம் தனக்கும் இருக்கிறது. காலையில் பால் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தும் சுவிட்ச் சுவரில், தன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஆப்பில் வேண்டாம். பல்புகளை மாற்றிப் பழைய பல்பு போட வேண்டும். சமையலறை ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், அதில் சுப்ரபாதம் கேட்கலாம்தான், ஆனால் ரேடியோ போதும். மோட்டார் சுவிட்ச் இருக்கலாம், தொட்டி நிரம்பி வழிகிற தொல்லை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சாவி.

“பாக்கணும்னா பாரு. ஆனா பாக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு. நான் எடுக்கலன்னா பாரு. வாசல்ல நின்னு கூப்புடற மாதிரி.”

உலகத்தில் தரவுப் பாதுகாப்பைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். குறித்த நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய சம்மதம் என்பார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு அவ்வளவையும் சொல்லிவிட்டார். எங்களுக்கு இதைக் கேட்க மூன்று வருஷமும் ஒரு எலும்பும் ஆகியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாக ஒன்று சொன்னார்.

“உன் வூட்லயும் ஒண்ணு மாட்டு. நீங்கல்லாம் இன்னா பண்றீங்கன்னு நானும் பாக்கறன். எனக்கும் பயமாத்தான இருக்குது?”

விளையாட்டாகச் சொல்கிறாரா நிஜமாகவா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. சென்னை வீட்டின் கூடம் ஒரு நொடி கண் முன்னால் வந்தது. பிள்ளையிடம் நான் கத்துவது, சனிக்கிழமை ராத்திரிகள், நானும் மனைவியும் பேசாமல் கடக்கும் நாட்கள், இரண்டு மணி வரைக்கும் போனை நோண்டிக்கொண்டு நான் விழித்திருப்பது. அம்மா கவலைப்படுவார். கேட்பார். நான் பொய் சொல்வேன்.

“சரிம்மா, பாக்கலாம்” என்றேன்.

அந்த ‘பாக்கலாம்’ அவருக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து, நல்ல கையால் அப்பாவின் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் பழைய ஆணியில் மாட்டச் சொன்னார். மாட்டினேன்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. தினமும் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்கிறேன். எடுத்தால் பேசுகிறோம், பார்ப்பதில்லை. எடுக்காமல் போனது இரண்டு தரம். இரண்டு தரமும் தூங்கிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மறுபடி விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்களிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. தங்கை அதைச் சொல்லிக்காட்டாத வாரம் இல்லை. அவள் சொல்வதை நிறுத்த வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

சென்னை வீட்டில் கேமரா மாட்டவில்லை. ஏன் மாட்டவில்லை என்று மனைவி ஒருநாள் கேட்டாள். சொன்னேன். வீட்டுக்குள் ஒருத்தர் எப்படியும் இருப்போம், யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இயல்பாக இருக்க முடியாது, நமக்கு என்று கொஞ்சம் இடம் வேண்டாமா என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இது எல்லாம் அம்மா சொல்லியிருக்க வேண்டியது என்று தெரிந்தது. அவர் சொல்லவில்லை. போட்டோவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.